சரக்குக்கு முன்னாடி ஒரு கேஸ் மாத்திரை: வயிற்றைக் காப்பாற்றுமா, வலியை மட்டும் மறைக்குமா?

"அண்ணே, பான்-டி ரெண்டு குடுங்க."

"வெறும் வயித்துல போடணும், தெரியும்ல?"

"எனக்கு கேஸெல்லாம் இல்லண்ணே. நைட்டு பசங்களோட உக்காரப் போறோம். அதான் முன்னாடியே ஒண்ணு போட்டுக்கலாம்னு."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்துக் கொடுக்கிறார். சீட்டு கேட்கவில்லை. பில்லும் போடவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்படி ஒரு பேச்சைக் கேட்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஆடி, ஆவணி மாதங்களில் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து சீசன். பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறியோடு இலை போட்டு, சாப்பிட்டு முடித்தவர்கள் நோட்டில் மொய் எழுதிவிட்டுப் போகும் ஊர்கள் அவை. சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போன பிள்ளைகள் ஊருக்கு வரும் நேரம். மதியம் கறிச்சோறு. ராத்திரி தோப்புக்குள் நண்பர்களோடு தனிக் கச்சேரி. விருந்துக்கும் அந்தக் கச்சேரிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மாத்திரைதான் பாக்கெட்டில் போகிறது. பொங்கலுக்கும் இதே கதை, சென்னை மேன்ஷன் அறைகளில் சனிக்கிழமை இரவும் இதே கதை.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு லாஜிக் இருக்கிறது. குடித்தால் வயிறு எரியும். எரிச்சலுக்குக் காரணம் அமிலம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை முன்கூட்டியே போட்டால் எரியாது. எரியவில்லை என்றால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் வரி சரி. நடுவில் இருப்பவை பாதி சரி. கடைசி வரியில்தான் ஆள் கவிழ்கிறார்.

கூகுள் சொல்வது சரி, கேள்விதான் வேறு

'ஓமெப்ரசோல் சாப்பிடும்போது மது அருந்தலாமா?' என்று தேடினால், பிரிட்டனின் தேசிய சுகாதார சேவைப் பக்கம் 'அருந்தலாம்' என்றுதான் பதில் தரும். மது அருந்தினால் வழக்கத்தைவிட அதிகமாக அமிலம் சுரந்து தொந்தரவு கூடும் என்கிற வரியும் அடுத்ததாகவே இருக்கும். நம்மாட்கள் முதல் வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்தப் பதிலில் தப்பில்லை. ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவற்றை 'பிபிஐ' மருந்துகள் என்பார்கள். வயிற்றுச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகளை அடைத்து வைப்பது இவற்றின் வேலை. கல்லீரல் இவற்றை ஒரு வகை நொதிகளால் உடைக்கிறது. மதுவின் பெரும்பகுதியை உடைப்பது ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்கிற வேறு நொதி. ஒன்றின் பாதையில் மற்றொன்று பெரிதாகக் குறுக்கே வருவதில்லை. ஒரு பான்டோப்ரசோல் போட்டுவிட்டு ஒரு பீர் குடித்தால் உடலுக்குள் ரசாயன வெடிவிபத்து எதுவும் நடக்காது.

ஆனால் 'மாத்திரையும் மதுவும் சண்டை போடுமா?' என்பது ஒரு கேள்வி. 'மாத்திரை போட்டுட்டா மதுவோட சேதம் குறையுமா?' என்பது இன்னொரு கேள்வி. கீரமங்கலத்தில் மெடிக்கலுக்கு வரும் இளைஞர் கேட்பது இரண்டாவதை. அவருக்குக் கிடைப்பதோ முதல் கேள்விக்கான பதில்.

பிராந்தி அமிலத்தை நம்பி அடிப்பதில்லை

இங்கே ஒரு சின்ன கணக்கு. டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் பாட்டில்களில் 42.8% ஆல்கஹால் என்று அச்சடித்திருக்கும். 180 மில்லி குவாட்டரில் அப்படிப் பார்த்தால் சுமார் 77 மில்லி சுத்த ஆல்கஹால். எடையில் ஏறக்குறைய 61 கிராம். குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த கேள்வித்தாளில் 'ஒரு டிரிங்க்' என்பது 10 கிராம். ஆக, 'ஒரு குவாட்டர்தான்ப்பா அடிச்சேன்' என்று சொல்பவர் உண்மையில் ஆறு டிரிங்க் குடித்திருக்கிறார். வெளிநாட்டு இணையதளங்களில் 'ஓரிரு டிரிங்க் பரவாயில்லை' என்று வரும் வரிகள் இந்த அளவுக்கு எழுதப்பட்டவை இல்லை.

அமில விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று: எல்லாச் சரக்கும் ஒரே மாதிரி அமிலத்தைச் சுரக்க வைப்பதில்லை. பீரும் ஒயினும் நொதித்து இறக்குபவை. அவற்றில் இருக்கும் வேறு சில பொருட்கள் அமிலச் சுரப்பை நன்றாகவே தூண்டும். விஸ்கி மாதிரி காய்ச்சி வடித்த கடுமையான சரக்குகள் அந்த அளவுக்கு அமிலத்தைத் தூண்டுவதில்லை என்றே ஆய்வுகளில் தெரிந்தது. அப்புறம் ஏன் எரிகிறது? ஆல்கஹாலே நேரடியாக வேலை பார்க்கிறது. வயிற்றின் உட்சுவரைக் கோழை மாதிரி ஒரு படலம் மூடிக் காக்கிறது. செறிவான ஆல்கஹால் அதைக் கரைத்து, அடியில் இருக்கும் செல்களைச் சிதைத்து, நுண் ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது. தண்ணீர் கலக்காமல் 'ரா'வாக இறக்கினால் இன்னும் மோசம்.

எனவே அமிலத்தை அடைத்து வைத்தாலும் பிராந்தியின் இந்த நேரடித் தாக்குதல் நிற்பதில்லை. புண் ஆன இடத்தில் அமிலம் பட்டு எரியும் எரிச்சல் மட்டும் குறையலாம். உணவுக்குழாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் வால்வை மது தளர்த்திவிடுவதும் நிற்பதில்லை. அதனால்தான் மாத்திரை போட்ட பிறகும் நடுராத்திரியில் சிலருக்கு எதுக்களிக்கிறது. புளிப்பு குறைந்திருக்கும், மேலேறுவது நிற்காது.

நேரக் கணக்கும் உதைக்கிறது. பிபிஐ மாத்திரை வயிற்றில் கரையாமல் குடலில் கரையும்படி பூச்சு போட்டு வருகிறது. ரத்தத்தில் கலந்து, அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பம்புகளை மட்டுமே அடைக்கும். சாப்பாடு போனால்தான் பம்புகள் முழு வேகத்தில் ஓடும். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போடச் சொல்வது அதற்காகத்தான். முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். முதல் பெக் ஊற்றும்போது வாயில் போடும் ஒற்றை மாத்திரை, அந்த இரவுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை. ஜெலுசில், டைஜீன் போன்றவை அமிலத்தை உடனே சமன் செய்யும், உண்மைதான். அதுவும் கொஞ்ச நேரத்துக்கு.

ரானிடிடின் கிளப்பிய சந்தேகம்

கேஸ் மாத்திரை போட்டால் போதை கூடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. அந்தப் பேச்சுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது, ஆனால் அது பிபிஐ மாத்திரையைப் பற்றியதல்ல. அதற்கு முந்தைய தலைமுறையான ரானிடிடின், சிமெடிடின் பற்றியது.

குடிக்கிற மதுவில் ஒரு சிறு பகுதி ரத்தத்துக்குப் போவதற்கு முன்பே வயிற்றுச் சுவரில் உடைபடுகிறது. நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இருந்த சார்லஸ் லீபரின் குழுதான் இதைத் துருவிப் பார்த்தது. பெண்களின் வயிற்றில் இந்த நொதி குறைவாக வேலை செய்வதால், ஒரே அளவு குடித்தாலும் அவர்கள் ரத்தத்தில் மது அளவு கூடுகிறது என்று 1990-ல் எழுதினார்கள். 1992-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரு வாரம் ரானிடிடின் சாப்பிட்ட ஆண்களுக்குக் காலை உணவுக்குப் பிறகு கொஞ்சம் மது கொடுத்துப் பார்த்ததில் ரத்தத்தில் உச்ச அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. ஃபமோடிடினில் அப்படி உயரவில்லை.

பெரிய பரபரப்பு. ஆனால் அங்கே கொடுத்த மது, 60 கிலோ ஆளுக்கு 18 கிராம் என்கிற கணக்கில். நம்மூர் பிராந்தியில் 55 மில்லிகூட வராது, ஒரு கட்டிங்கைவிடக் குறைவு. அடுத்தடுத்து வேறு குழுக்கள் அளவைக் கூட்டிச் சோதித்தபோது வித்தியாசம் கரைந்துபோனது. நிறைய குடிக்கும்போது வயிற்று நொதியின் பங்கு அற்பமாகிவிடும், அதைத் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் ஒன்றுதான். பெரும்பாலானவர்களுக்கு இது பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற இடத்தில்தான் அந்த விவாதம் போய் நின்றது.

அதனால் திருச்சி – காரைக்குடி சாலையில் ஊதச் சொல்லும்போது 'சார், கேஸ் மாத்திரை போட்டதால கூடக் காட்டுது' என்பது எடுபடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். சராசரி எடையுள்ள ஓர் ஆண் 90 மில்லி கட்டிங்கோடு நிறுத்தினாலே அதைத் தாண்டிவிடுவார். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாத்திரை போட்டதால் தெளிவாக இருப்பதாக நினைத்து பைக் எடுப்பவருக்கு அந்தத் தெளிவு வயிற்றில்தான், மூளையில் இல்லை.

ரானிடிடினுக்கு வேறு வகையில் சோதனை வந்தது. என்.டி.எம்.ஏ. என்கிற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு அதில் உருவாகிறது என்று தெரிந்து, 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சந்தையிலிருந்தே அதை எடுக்கச் சொன்னது. இந்தியாவில் 2022-ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தடை இல்லை. 'ரான்டாக் இருக்கா?' என்று கேட்டு வாங்கும் பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

பான்-டியில் அந்த 'டி'

'பான்' பற்றி இவ்வளவு பேசிவிட்டு 'டி'யை விட முடியாது. அது டோம்பெரிடோன். வாந்தியை அடக்கும், வயிற்றில் இருப்பதைக் குடலுக்கு வேகமாகத் தள்ளும். நம்மூரில் 'கேஸ் மாத்திரை' என்ற பெயரில் போகும் கேப்சூல்களில் பலவும் இந்தக் கூட்டுதான். ஒன்றில் 30 மில்லிகிராம் டோம்பெரிடோன் மெதுவாகக் கரையும் வடிவில் இருக்கும்.

இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கலாம் என்பதால், ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் டோம்பெரிடோனுக்குக் கடிவாளம் போட்டது: குமட்டல், வாந்திக்கு மட்டும், நாளுக்கு அதிகபட்சம் 30 மில்லிகிராம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் அங்கே அது இனி கிடையாது. நாம் அதை வாங்குவதே நெஞ்செரிச்சலுக்கும் உப்புசத்துக்கும்தான். அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதியே இல்லை.

மதுவோடு சேரும்போது என்ன? தொடர்ந்து அதிகம் குடிப்பவர்களுக்கு ரத்தத்தில் மெக்னீசியம், பொட்டாசியம் குறைவது சகஜம். நீண்ட நாள் பிபிஐ சாப்பிடுவதும் மெக்னீசியத்தைக் குறைக்கலாம். இந்த உப்புகள் குறைந்த இதயத்துக்கு, தாளத்தைத் தொந்தரவு செய்யும் எந்த மருந்தும் கூடுதல் ஆபத்து. எல்லோருக்கும் ஆகிவிடும் என்றில்லை. ஏற்கெனவே இதயக் கோளாறு இருப்பவர், சில வகை ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர், வாரக்கணக்கில் குடித்து வாந்தியெடுத்து உடம்பு வற்றிப் போனவர், இவர்களுக்கு இது விளையாட்டில்லை.

இன்னொன்று. வயிற்றை வேகமாகக் காலி செய்யும் மருந்துகள், மதுவையும் வேகமாகக் குடலுக்கு அனுப்பும். மது வேகமாக உறிஞ்சப்படுவது குடலில்தான். இதே வேலை செய்யும் மெட்டோகுளோபிரமைடு மருந்தில் இதை 1970-களிலேயே பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல், அளவு மீறிக் குடித்தவரை உடல் காப்பாற்ற வைத்திருக்கும் ஒரு வழி வாந்தி. அதை அடக்கிவிட்டு இன்னும் இரண்டு ரவுண்டு போவதற்குப் பெயர் 'சேஃப்டி' என்றால் என்ன சொல்வது?

வயிறு சரியில்லை என்று டாக்டர் 'கிட்' எழுதிக் கொடுத்திருந்தால் அது தனி எச்சரிக்கை. ஹெலிகோபாக்டர் என்கிற கிருமியைக் கொல்லும் அந்தத் தொகுப்பில் பிபிஐயோடு ஆன்டிபயாடிக்குகளும் இருக்கும். சிலவற்றில் டினிடசோல் இருக்கும். அது சாப்பிடும் நாட்களிலும் முடித்த பிறகு மூன்று நாட்களுக்கும் மது கூடாது என்பது அந்த மருந்தின் குறிப்பிலேயே உள்ளது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து அவதிப்பட நேரலாம். 'அல்சர் மாத்திரைதானே' என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

மறுநாள் காலையில் தலைவலிக்குப் போடும் மாத்திரையையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகள் தாமாகவே வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைப்பவை. ராத்திரி மது, காலையில் வெறும் வயிற்றில் வலி மாத்திரை, கூடவே 'பாதுகாப்புக்கு' ஒரு பான்டோப்ரசோல். மூன்றாவது ஆள் முதல் இரண்டு பேரோடு தினமும் மல்லுக்கட்ட முடியாது.

தினமும் குடிப்பவருக்குத்தான் நிஜமான கணக்கு

எப்போதாவது ஒரு நாள் போடுபவருக்கு இந்த மாத்திரை வீண் செலவு என்ற அளவில் முடிந்துவிடலாம். தினமும் குடித்து, தினமும் கேஸ் மாத்திரை போடுபவர் நிலைமை வேறு.

வயிற்று அமிலம் எரிச்சல் தருவதற்காக மட்டும் இல்லை. சாப்பாட்டோடு உள்ளே வரும் கிருமிகளைக் கொல்லும் காவல்காரனும் அதுதான். அமிலத்தை நிரந்தரமாகக் குறைத்தால் குடலில் கிருமிகளின் சமநிலை மாறும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த பெர்ண்ட் ஷ்னாப்லின் குழு 2017-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதியது. எலிகளில், அமிலம் குறைந்தபோது எண்டெரோகாக்கஸ் என்கிற பாக்டீரியா குடலில் பெருகி, கல்லீரலுக்கும் போய், மது ஏற்கெனவே செய்துகொண்டிருந்த சேதத்தைக் கூட்டியது. மனிதர்களில், டென்மார்க்கில் மது அடிமைத்தனம் உள்ளதாகப் பதிவான 4,830 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். பத்து ஆண்டுகளில் மதுவால் வரும் கல்லீரல் நோய்க்கான ஆபத்து, பிபிஐ சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 20.7%. ஒருபோதும் சாப்பிடாதவர்களுக்கு 12.4%.

இதை வைத்து 'கேஸ் மாத்திரை கல்லீரலை அழிக்கும்' என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு தயாரிக்க வேண்டாம். அதிகம் குடிப்பவர்களுக்கு வயிற்றுத் தொல்லையும் அதிகம், அதனால் அவர்களே அதிகம் பிபிஐ சாப்பிட்டிருக்கலாம். இதுபோன்ற கணக்கெடுப்பு காரணத்தை நிரூபிக்காது. ஆனால் 'மாத்திரை போட்டா பாதுகாப்பு' என்கிற நம்பிக்கைக்கு நேர் எதிர்த் திசையில் இந்த எண் நிற்கிறது என்பதாவது மண்டையில் ஏற வேண்டும். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிப் போனவர்களுக்கு, பிபிஐ சாப்பிடுவதோடு வயிற்று நீரில் கிருமித் தொற்றும் கல்லீரல் சார்ந்த மூளை மயக்கமும் கூடுதலாகக் காணப்படுவதால், தேவையில்லாமல் கொடுக்க வேண்டாம் என்று கல்லீரல் மருத்துவர்கள் யோசிக்கிறார்கள்.

மாத்திரையை விட முடியாமல் போவதற்கும் ஒரு காரணம் உண்டு. டென்மார்க்கில் 2009-ல் வெளியான இன்னொரு ஆய்வில், வயிற்றுத் தொல்லையே இல்லாத 120 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு 44% பேருக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு போன்ற தொல்லை வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15% பேருக்குத்தான். அடைத்து வைத்த பம்புகள் திறக்கும்போது அமிலம் எகிறிக்கொண்டு வருகிறது. நோய் இல்லாதவருக்கே இப்படி. குடிப்பதற்கென்று தினமும் மாத்திரை போட்டுப் பழகியவர் ஒரு வாரம் நிறுத்திப் பார்த்துவிட்டு 'எனக்கு நிஜமாவே அல்சர் இருக்கு போல' என்று மறுபடி மெடிக்கலுக்குப் போகிறார்.

அலாரத்தை அணைத்துவிட்டு

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ரசாயனத்தில் இல்லை. மேல் வயிற்றில் ஒரு வலி வந்தால் அதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே பெயர் 'கேஸ்'. கணைய அழற்சிக்கும் அதே இடத்தில்தான் வலி. முதுகு வரை ஊடுருவி, விடாத வாந்தியோடு வரும், மது அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. மாரடைப்பும் சில நேரம் நெஞ்செரிச்சல் வேஷத்தில்தான் வரும். முந்தின நாள் குடித்திருந்தால் சந்தேகமே வராது, 'நேத்து அடிச்சதுதான்' என்று ஒரு கேப்சூலைப் போட்டுப் படுத்துவிடுவார்கள். வியர்வை, மூச்சு முட்டல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் மாத்திரை அட்டையைத் தேடக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும்.

மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் பிசுபிசுவென்று போனால் (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடாதவருக்கு) உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, இவையும் அதே ரகம். வயிற்றுப் புற்றுநோயின் ஆரம்ப வலிகூட பிபிஐயால் தணிந்துவிடலாம், வலி குறைந்ததாலேயே புற்று இல்லை என்று முடிவு செய்யக் கூடாது என்பது இந்த மருந்துகளின் தயாரிப்புக் குறிப்பிலேயே உள்ள எச்சரிக்கை. தமிழ்நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வயிற்றுப் புற்றும் ஒன்று. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. தங்கை புற்றுநோயில் இறந்த துயரத்திலிருந்து 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த மண் இந்தப் புதுக்கோட்டை. அந்த மண்ணில் 'ஆறு மாசமா கேஸ் மாத்திரைதான் போட்டுட்டு இருந்தேன்' என்று சொல்லிக்கொண்டு தாமதமாக வந்து நிற்பது வேதனை.

யாரும் கேட்காத ஒரு கேள்வி

பழியைக் குடிப்பவர் தலையில் மட்டும் போட்டுவிட்டு நகர்வது சுலபம். பான்டோப்ரசோலும் ஓமெப்ரசோலும் 'எச்' அட்டவணை மருந்துகள், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. அட்டையில் சிவப்பு எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. 2019-ல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மாத்திரைகளின் துண்டுக் காகிதத்தில் சிறுநீரகப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. நல்ல உத்தரவு. ஆனால் அந்தக் காகிதம் ஆங்கிலத்தில் இருக்கும், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். இரண்டு கேப்சூலைக் கத்தரித்து வாங்குபவர் கைக்கு அதுகூட வருவதில்லை.

சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது என்று நாளைக் காலையே கறாராக்கினால் மணமேல்குடி மீனவரும் கந்தர்வகோட்டை முந்திரித் தோட்டத் தொழிலாளியும் நெஞ்செரிச்சலுக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டாக்டரைத் தேட வேண்டியிருக்கும். அது நியாயமில்லை. கவுண்டரில் இருப்பவர் 'எத்தனை நாளா போடுறீங்க? குடிப்பீங்களா?' என்று கேட்பதற்குப் பத்து வினாடி போதும். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் 'ஜி.ஹெச்.ல ஒரு தடவை காட்டுங்க' என்று சொல்ல இன்னொரு ஐந்து வினாடி. படித்த மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதே இதற்காகத்தான்.

கிளினிக்குகளின் பங்கு இன்னும் பெரியது. காய்ச்சலுக்குப் போனாலும் மூட்டு வலிக்குப் போனாலும் சீட்டின் கடைசி வரியில் ஒரு பான்டோப்ரசோல் எழுதப்படுகிறது. அது எதற்கு, எத்தனை நாள், குடிப்பவரா என்பது பேசப்படுவதில்லை. பேசினாலும் 'குடிக்காதே' என்கிற ஒற்றை அதட்டல். அதட்டலுக்குப் பயந்து அடுத்த முறை நோயாளி பொய் சொல்வார். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று திட்டாமல் கேட்டால் உண்மை வரும், வைத்தியமும் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. இதைப் படித்துவிட்டு, தினமும் அரை பாட்டில் குடிக்கும் அப்பாவையோ மாமாவையோ ஒரே நாளில் நிறுத்த வைக்க வேண்டாம். நீண்ட நாள் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், தூக்கமின்மையில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. மருத்துவர் கண்காணிப்பில் மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். முள்ளூரில் 2017-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குப் பார்க்கலாம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. போகும்போது வீட்டில் இருக்கும் கேஸ் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. எத்தனை மாதமாக ஓடுகிறது என்பதை டாக்டரிடம் அதுவே சொல்லிவிடும்.